படியா, சரிவா, ஒரே குதியா?

கொங்கு நாட்டுப் பள்ளங்களின், அதாவது மழைக்கால ஓடைகளின், குணம் தெரிந்ததுதான். மேற்கே மழை பிடித்தால் இரண்டு மணி நேரம் கரை புரளும், அடுத்த வாரம் மணல் மட்டும் கிடக்கும். அதில் தடுப்பணை கட்டும்போது எவ்வளவு உயரம், எவ்வளவு தேங்கும் என்றுதான் பேச்சு நடக்கிறது. தாண்டுகிற தண்ணீரை எப்படிக் கீழே இறக்குவது என்பது கடைசியில் வருகிறது. ஆனால் அணைகள் கெடுவது பெரும்பாலும் அங்கேதான். அடிவாரத்தில் மண் அரித்துக் குழி விழும், அஸ்திவாரம் அந்தரத்தில் நிற்கும்.

10 அடி உயரத்திலிருந்து தடையின்றி இறங்கும் தண்ணீர் கீழே வரும்போது விநாடிக்கு 25 அடி வேகத்தில் இருக்கும். நம் செம்மண் தாங்குவது சில அடி வேகம்தான். மிச்ச வேகத்தை எங்கே கொல்வது? வழி மூன்று.

முதல் வழி, ஒரே குதி. கோபி பக்கம் கொடிவேரியில் பவானி அப்படித்தான் விழுகிறது. தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களுக்குத் தண்ணீரைத் திருப்பும் பழைய அணை அது. விழும் இடத்தில் பாறை இருப்பதால் அடி வாங்கிக்கொள்கிறது. அதே வடிவத்தை மண் பள்ளத்தில் வைத்தால் சில வெள்ளத்திலேயே மடு விழுந்துவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. குதித்த தண்ணீர் கீழே உருண்டு அணையை நோக்கியே திரும்பும். அந்தச் சுழலில் சிக்கியவரை அது வெளியே விடாது. தண்ணீர் கூடியவுடன் கொடிவேரியில் குளிக்கத் தடை போடுவதை வீண் கெடுபிடி என்று அலுத்துக்கொள்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, வழவழப்பான கான்கிரீட் சரிவு, அடியில் ஒரு தொட்டி. சரிவு வேகத்தைக் கொல்வதில்லை, பத்திரமாகக் கீழே கொண்டுவருகிறது. தொட்டியில் வேகத் தண்ணீர் திடீரென உயர்ந்து கொந்தளித்து அடங்கும். இதை நீர்த்தாவல் என்பார்கள். பெரிய அணைகளுக்கு நன்கு பழகிய முறை. ஆனால் தாவல் தொட்டிக்குள்ளேயே நிற்க, கீழ்ப்பக்க ஆற்றில் போதிய ஆழம் இருக்க வேண்டும். வறண்ட பள்ளத்தில் திடீர் வெள்ளம் வரும்போது அந்த ஆழம் உடனே சேராது. தாவல் தொட்டியைத் தாண்டிப் போய் மண்ணில் நடக்கும். தொட்டியும் மலிவல்ல. நீளம் தாவலுக்குப் பிந்தைய ஆழத்தைப் போல ஐந்தாறு மடங்கு வேண்டும்.

மூன்றாவது, சரிவைப் படிக்கட்டாகக் கட்டுவது. இதில்தான் விஷயம் அதிகம், தப்பான நம்பிக்கையும் அதிகம்.

தண்ணீர் குறைவாக இருந்தால் படிக்குப் படி குதித்து, ஒவ்வொன்றிலும் அடித்து நுரைத்து இறங்கும். பார்ப்பவருக்குப் புரியும். வெள்ளம் கூடும்போது படிகள் மறைந்துபோகும். படி முனைகளைத் தொட்டபடி ஒரே பாய்ச்சலாக மேல்தண்ணீர் வழுக்கிப்போகும். ‘படி மூழ்கிவிட்டது, இனி பயனில்லை’ என்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஒவ்வொரு படி மூலையிலும் ஒரு சுழல் சிக்கிக்கொண்டு, மேலே ஓடும் தண்ணீரிடமிருந்து ஆற்றலைப் பிடுங்கிக்கொண்டே இருக்கும். கொந்தளிப்பு சீக்கிரமே மேற்பரப்பை எட்டும். காற்று கலந்து தண்ணீர் வெளுக்கும். அந்த வெளுப்பு கான்கிரீட்டுக்கு நல்லது. அதிவேகத் தண்ணீரில் உண்டாகும் நீராவிக் குமிழிகள் நொறுங்கித் தளத்தைக் குதறும் சேதத்தைக் காற்று தடுக்கிறது. ஆனால் காற்றால் தண்ணீர் உப்பும், பக்கச்சுவரை உயர்த்திக் கட்ட வேண்டும்.

குதித்து இறங்குவது எப்போது வழுக்கும் பாய்ச்சலாகிறது? அடி அகலத்துக்கு விநாடிக்கு எத்தனை கன அடி என்பதுதான் கணக்கு. 3 கன அடி போனால் உச்சியில் மாறுநிலை ஆழம், அதாவது அணையைத் தாண்டும் தண்ணீரின் கனம், சுமார் 8 அங்குலம். ஒன்றரை அடிப் படியில் அது குதித்துத்தான் இறங்கும். 16 கன அடி என்றால் ஆழம் 2 அடி, படி மூழ்கும். 100 கன அடி என்றால் ஆழம் ஏறக்குறைய 7 அடி. 10 அடி அணையில் அவ்வளவு தண்ணீருக்குப் படி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இறங்கும் உயரம் அந்த ஆழத்தைப் போலப் பல மடங்கு இருந்தால்தான் படி பேர் சொல்லும்.

பெரிய அணைகளுக்குப் படி மீண்டும் வந்தது 1980களில், உருளை ஓட்டி இறுக்கும் கான்கிரீட்டோடு. அடுக்கடுக்காகக் கட்டுவதால் படி தானாகவே கிடைக்கிறது. அமெரிக்காவின் அப்பர் ஸ்டில்வாட்டர் அணை அந்த வகை. என்றாலும் பவானிசாகர் மாதிரி ஷட்டர் திறந்து விடும் அணைக்கு நான் படியைப் பரிந்துரைக்க மாட்டேன். ஷட்டருக்கு அடியில் சீறிவரும் தண்ணீர் முதல் படிகளில் பட்டுத் தெறிக்கும். காற்று கலப்பதற்கு முந்தைய பகுதியில் அதிக ஓட்டம் படிகளையே அரிக்கக்கூடும். அங்கே வழவழப்பான சரிவுதான் சரி, பராமரிப்பு இருந்தால். 2017இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் அணையில் சரிவின் வெடிப்புகள் வழியாக உள்ளே புகுந்த தண்ணீர் கான்கிரீட் பலகையையே தூக்கிவிட்டது.

நொய்யல் ஆற்றில் படி வைப்பதானால் ஒரு சங்கடம். காற்றுக் கலப்பு தண்ணீருக்கு ஆக்சிஜன் கொடுக்கும். ஆனால் சோப்பும் சாயக்கழிவும் கலந்த தண்ணீர் ஏற்கனவே நுரைத்துக் கிளம்புகிறது, படி அதை இன்னும் கிளப்பும். அதற்கு அணையைக் குற்றம் சொல்ல முடியாது.

சிறு பள்ளத்துக்கு என் தேர்வு படிதான். ஒன்றரை அடிப் படி, கீழே கல் பாவிய சிறு தொட்டி. விநாடிக்கு 800 கன அடி வரக்கூடிய இடத்தில் 50 அடி அகலம் வைத்தால் அடிக்கு 16 கன அடி. அதை 80 அடி ஆக்கினால் 10, படி முழுசாக மூழ்காத எல்லைக்குப் பக்கம். பள்ளம் இடம் கொடுத்தால், உயரத்துக்குப் போகும் பணத்தில் கொஞ்சத்தை அகலத்துக்குத் திருப்பலாம். சீமைக்கருவேலக் கிளையும் பாலிதீன் பையும் படியில் மாட்டும். மழைக்கு முன் ஒருமுறை ஆள் விட்டு எடுத்துவிட வேண்டும்.