எலக்ட்ரானிக் ஜக்கார்டு: மூன்று வருஷம் நெய்த பிறகு

ஆரணியிலிருந்து அக்கா மகன் நேற்று போன் செய்தான். "விலை இறங்கியிருக்காமே, வாங்கலாமா மாமா?" அவன் கேட்டது எலக்ட்ரானிக் ஜக்கார்டை: கைத்தறிக்கு மேலே இருந்து, டிசைனுக்கேற்ப நீளவாக்குப் பாவு நூலைத் தூக்கும் மிஷின். என்னுடையதில் ரிப்பேருக்குப் போன போர்டு பதினோரு நாள் கழித்து வந்து, அப்போதுதான் மாட்டி முடித்திருந்தேன்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். எங்கள் காஞ்சிபுரத்தில் பழைய ஜக்கார்டு என்றால், குறுக்கே போகும் ஓர் ஊடை நூலுக்குத் துளையடித்த ஓர் அட்டை. முந்தி டிசைன் 900 ஊடை என்றால் 900 அட்டை அடித்து, வரிசையாகக் கோர்த்து, தறிமேல் ஏற்றணும். ஐப்பசி மழையில் அட்டை நமத்துப்போகும். இப்போது எல்லாம் ஒரு பென் டிரைவில். மிதி என் காலில்தான், ஊடையைக் குறுக்கே கொண்டுபோகும் நாடா என் கையில்தான். பாவு நூலைத் தூக்கும் கொக்கிகளில் எது எழணும் என்பதை மட்டும் மிஷின் பார்த்துக்கொள்கிறது. ஒருமுறை மயில் புட்டாவுக்குக் கழுத்து குட்டையாகப் பட்டது. ராத்திரி கம்ப்யூட்டரில் திருத்தி, அடுத்த சேலையிலேயே கழுத்து நீண்ட மயிலை நெய்தேன். புது அட்டை அடிக்கும் செலவை நினைத்தே முன்பெல்லாம் அப்படியே விட்டிருப்பேன்.

என் கோபமெல்லாம் தப்பாக நெய்ததைப் பிரிக்கும்போதுதான். உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து கோர்க்கும் கோர்வைச் சேலையில் எதிர்ப்பக்கம் கரை நாடா தள்ளுகிறவர் ஓரிடத்தில் கோர்க்கத் தவறினால், பத்து ஊடை தாண்டித்தான் கண்ணில் படும். ஊடையைப் பிரிக்கப் பிரிக்க டிசைனும் கூடவே பின்னால் வரணும். பழைய ஜக்கார்டில் அட்டையைக் கையால் பின்னுக்குத் திருப்புவோம். எந்த ஊடையில் நிற்கிறோம் என்று அட்டையே காட்டும். இந்த மிஷினில் அதற்கான பொத்தான் தறிக்கு மேலே, பெட்டியில். நான் உட்கார்ந்திருப்பதோ தறியடியில், மிதி உள்ள குழிக்குள் காலை விட்டு. எழுந்து ஸ்டூல்மேல் ஏறி, ஓர் ஊடைக்கு ஓர் அழுத்து. நடுவில் கரண்ட் போனால் எண்ணிக்கை முதல் ஊடைக்கே ஓடிவிடும். போன மாசம் 12 ஊடை பிரித்துச் சரிசெய்வதற்குள் அரைநாள் போய்விட்டது. ஜரிகையும் இழுபட்டுச் சுருண்டது.

விற்றவரிடம் சொன்னேன். "தப்பில்லாம நெய்யணும் அண்ணே" என்றார். பிரிப்பதும் நெசவுதான் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. காலடியில் இன்னொரு மிதி, அழுத்தினால் ஓர் ஊடை பின்னால். நான் கேட்பது அவ்வளவுதான். மிஷினைச் செய்தவர் ஒரு சேலை முடியும்வரை குழிப்பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் அதை அவரே வைத்திருப்பார்.

"வாங்காதே தம்பி. அந்த மிதி வரட்டும்" என்றேன்.

"அப்ப உங்களோடதை எனக்குக் கொடுத்துடுங்க மாமா."

கொடுக்க மாட்டேன். ஆவணி முகூர்த்தத்துக்கு இரண்டு முந்தி டிசைன் ஏற்றி வைத்திருக்கிறேன்.