வரிப்புழுவா, வழுவழுப் புழுவா?

கொடைக்கானலில் தூண்டில் போடுகிறவனுக்கு இரை என்றால் மண்புழு, இல்லாவிட்டால் பிசைந்த மாவு. ஏரிக் கெண்டைக்கு அது போதும். ரப்பர் புழுவைப் பழக்கிவிட்டவர் டல்லாஸ் பக்கம் இருக்கும் எங்கள் மாப்பிள்ளை. ஊருக்கு வந்தபோது இரண்டு பாக்கெட்டை மேசையில் போட்டு, "மச்சான், அங்க வந்தா இதுலதான் பாஸ் பிடிக்கப் போறோம், இப்பவே பழகிக்குங்க" என்றார். பாஸ் என்பது அங்கே தூண்டில்காரர்கள் தேடிப் பிடிக்கும் ஏரி மீன்.

ஒன்றில் உடம்பு முழுக்க வளையம் வளையமாக வரியோடிய புழு. மற்றதில் பென்சில் போல வழுவழுவென்று ஒன்று. இரண்டும் 7 அங்குலம். நாம் ரப்பர் என்று சொன்னாலும் இது குழைவாக்கிய பிவிசி. 1949இல் ஓஹியோவின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் வீட்டு அடுப்பில் காய்ச்சி அச்சில் வார்த்த சரக்கின் வாரிசு.

அம்மாவின் உயரமான கண்ணாடி ஊறுகாய் ஜாடியில் தண்ணீர் நிரப்பி, ஒரே அளவு முள் மாட்டி இரண்டையும் விட்டுப் பார்த்தேன். வழுவழுப் புழு நேராக அடிக்குப் போய்ப் படுத்தது. வரிப்புழு தயங்கித் தயங்கி இறங்கியது. வரிகளுக்கு நடுவே காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாக மேலே கிளம்பியது. வித்தியாசம் எல்லாம் இதில்தான். வரி தண்ணீரைத் தள்ளுகிறது, அந்த அதிர்வை பாஸ் தன் விலாவில் ஓடும் உணர்வுக் கோட்டால் பிடித்துக்கொள்கிறது. கண் தெரியாத கலங்கலில் இது பெரிய உதவி. வாசனை எண்ணெய் தடவினாலும் வரிக்குள் தங்கும். வழுவழுப்பில் சீக்கிரம் கழுவிப் போய்விடும்.

டெக்சாஸில் லேக் ஃபோர்க் போனபோது இதை நேரில் பார்த்தேன். மூழ்கிய மரங்கள் நிறைந்த ஏரி. அந்த மாநிலத்தின் பெரிய பாஸ், 18.18 பவுண்டு, 1992இல் அங்கே கிடைத்ததுதான். அன்று மழைக்குப் பிறகு தண்ணீர் தேநீர் நிறம். கறுப்பும் நீலமும் கலந்த வரிப்புழுவை மரத்தடியில் மெதுவாக இழுத்தபோதுதான் கடி வந்தது. வழுவழுப்பை ஒன்றும் சீண்டவில்லை. இன்னொரு நாள் அடி தெரியும் தெளிந்த தண்ணீர், படகுக் கூட்டம் வேறு. அங்கே நிலைமை தலைகீழ். ஏகப்பட்ட தூண்டில் பார்த்து உஷாரான மீன் அது. கரும்பச்சை வழுவழுப் புழு, எடையில்லாமல், அசைக்காமல் விட்டபோதுதான் எடுத்தது.

முள் மாட்டுவதில் என் ஓட்டு வரிப்புழுவுக்கு. 3/0 என்ற அளவுள்ள முள்ளின் நுனியைத் தலையில் கால் அங்குலம் குத்தி வெளியே எடுத்து, திருப்பி, உடம்பில் மறைக்க வேண்டும். எந்த இடத்தில் குத்துவது என்று வரியை எண்ணியே தெரிந்துகொள்ளலாம். வழுவழுப்பில் கண்மதிப்புதான். கொஞ்சம் தப்பினாலும் புழு கோணி, இழுக்கும்போது சுழன்று தூண்டில் நரம்பை முறுக்கிவிடும். எடைக்கு 3.5 முதல் 7 கிராம் வரையுள்ள குண்டு ஈயம் போதும்.

ஆனால் வரிப்புழு சீக்கிரம் கிழியும். வரிக்கு இடையே சதை மெலிசு. தலை கிழிந்தால் அரை அங்குலம் நறுக்கிவிட்டு மறுபடி மாட்டுவேன், இரண்டாவது முறையும் கிழிந்தால் பையில்தான் போகும், தண்ணீரில் இல்லை. தண்ணீர் பாட்டிலுக்கே சோதனை போடும் ஊர்க்காரன் நான், பிளாஸ்டிக் புழுவை ஏரியில் வீச மனசு வருமா? குளிரில் இரண்டுமே விறைக்கும். கொடைக்கானல் காலையில் பாக்கெட்டை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டால் குழைவு திரும்பும்.

ஒரு கூத்தையும் சொல்ல வேண்டும். மிச்சப் புழுக்களைக் கண்ணாடி மாதிரி இருக்கும் மலிவான பிளாஸ்டிக் டப்பாவில் ஒன்றாகப் போட்டு வைத்தேன். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் டப்பாவின் அடி இளகி, புழுவோடு ஒட்டிக் கூழாகியிருந்தது. கறுப்பு நிறம் பச்சைப் புழுவுக்கெல்லாம் ஏறியிருந்தது. குழைவுக்குச் சேர்க்கும் எண்ணெய் அந்த மாதிரிப் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடுமாம். வந்த பையிலேயே வைத்திருந்தால் ஒரு தொல்லையும் இல்லை.

இங்கே பாஸ் இல்லையே, எதற்கு இது என்று கேட்பீர்கள். ஏரிக் கெண்டை இரண்டையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மலையடிவாரக் குளத்தில் ஆகாயத்தாமரை ஓரம் வரிப்புழுவை ஈயம் இல்லாமல் போட்டதற்கு விரால் பாய்ந்தது. ஆனால் அதன் பல்லில் வால் பாதி போய்விட்டது. விராலுக்கு ஃபிராக் என்கிற தவளை மாதிரி செயற்கை இரைதான் கட்டுப்படியாகும். ஆசைக்காக, அடுத்த முறை வரிப்புழு இரண்டு பாக்கெட், வழுவழுப்பு ஒன்று கொண்டுவரச் சொல்லி மாப்பிள்ளைக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன், தனித்தனிப் பையில்.