பாட்டுக்கு வயது வரம்பு: அமெரிக்க ஸ்டிக்கரா, ஆஸ்திரேலியப் படியா, கொரியப் பூட்டா?

பாட்டு கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபையில் சில பாட்டுகளின் பெயருக்குக் கீழே சின்னக் கட்டத்துக்குள் ஆங்கில ‘இ’ (E) எழுத்து இருக்கும். உள்ளே கொச்சையாக ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். வசவா, வன்முறையா, போதையா, எந்த வயதுப் பிள்ளை கேட்கலாம் என்று கேட்டால் பதில் இல்லை.

இதன் தாய்வீடு அமெரிக்கா. 1985இல் செனட்டர் அல் கோரின் மனைவி டிப்பர் கோர் உள்ளிட்ட வாஷிங்டன் பெண்கள் சிலர், வன்முறைக்கு ஓர் எழுத்து, போதைக்கு ஓர் எழுத்து என்று வகைவாரியாகக் குறிக்கச் சொன்னார்கள். விஷயம் செனட் விசாரணை வரை போனது. ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸப்பா நேரில் வந்து எதிர்த்தார். கடைசியில் இசை நிறுவனங்கள் ஒத்துக்கொண்டது பொதுவான ஓர் எச்சரிக்கைக்குத்தான். 1990இல் அது கறுப்பு வெள்ளை ஸ்டிக்கராக நிலைத்தது. ஒட்டுவதும் விடுவதும் நிறுவனத்தின் விருப்பம். பெரிய கடைத்தொடரான வால்மார்ட் அந்த ஆல்பங்களை விற்க மறுத்ததால் வார்த்தைகளை வெட்டிய பதிப்புகளும் வந்தன. அப்படி ஒரு பாட்டில் குரல் டக்கென்று அறுந்து தாளம் மட்டும் ஓடிய இடத்தில், “அப்பா, இங்க என்ன சொல்றாங்க?” என்று என் மகள் கேட்டாள். மறைத்த வார்த்தை மேல்தான் அவள் கவனம் முழுக்கப் போனது.

ஆஸ்திரேலியாவிலும் இசைத்துறையேதான் குறியிடுகிறது. ஆனால் மூன்று படிகள். முதல் படி மிதமானது, இரண்டாவது கடுமையானது, மூன்றாவதை 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கக் கூடாது. ஒரு வசவையும் கொடூரமான வன்முறையையும் ஒரே தராசில் போடாத இந்த முறைதான் எனக்குப் பிடித்தது.

தென் கொரியாவில் அரசே இறங்குகிறது. 19 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆகாது என்று ‘19’ குறித்த பாட்டை ஆன்லைனில் கேட்க, வயதை நிரூபித்து உள்ளே போக வேண்டும். மூன்றில் உறுதியான கதவு இதுதான். சரி, எதைப் பூட்டுவது என்று யார் சொல்வது? மது பற்றி வரி வந்தாலே 19 குத்தினார்கள். 2011இல் எஸ்.எம். எண்டர்டெயின்மெண்ட் என்ற கொரிய இசை நிறுவனம் அப்படி ஒரு பாட்டுக்காக நீதிமன்றம் போய் வென்றது. அப்புறம்தான் விதிகளைத் தளர்த்தினார்கள். பாட்டு வரிக்குள் அரசு மூக்கை நுழைக்கும் அந்த வழி எனக்கு வேண்டாம்.

ஆனால் நம் கைபேசிக்கு வந்து சேர்ந்தது அமெரிக்க முறைதான். செயலியின் அமைப்புகளில் (செட்டிங்ஸ்) போய் ‘இ’ பாட்டுகளை அணைத்துவைக்கலாம். குடும்பக் கணக்கு இருந்தால் பிள்ளையின் கணக்கிலும் அதைச் செய்யலாம். நான் செய்திருக்கிறேன். ஆங்கிலப் பாட்டுகள் ஓரளவு வடிகட்டப்படுகின்றன. தமிழில் கதை வேறு. குறி போடுவது பாட்டைக் கொடுக்கும் நிறுவனம். இரட்டை அர்த்தத்தை அது கொச்சை என்று கருதாவிட்டால் ‘இ’ வராது. போன வாரம் காரில், வடிகட்டி போட்டிருந்தும், அப்படி ஒரு குத்துப்பாட்டு முழுசாக ஓடியது. பின்சீட்டில் மகள் கூடவே பாடிக்கொண்டு வந்தாள்.