டிரினிடாடில் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

செயின்ட் அகஸ்டினில் பல்கலைக்கழக வேலை, இல்லையென்றால் மவுண்ட் ஹோப் ஆஸ்பத்திரி வேலை என்று கரீபியன் தீவான டிரினிடாட் கிளம்புகிறவர்கள் எது நல்ல பள்ளி என்றுதான் கேட்கிறார்கள். பிள்ளைக்கு என்ன வயது, எத்தனை வருஷம் இருக்கப் போகிறீர்கள், இந்த இரண்டையும் சொன்னால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

உள்ளூர் பள்ளி என்றால் 5 வயதில் ஆரம்பித்து ஸ்டாண்டர்ட் 5 வரை தொடக்கப் பள்ளி. கடைசியில் எஸ்.இ.ஏ. என்ற மேல்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு. கணக்கு, ஆங்கிலம், கட்டுரை, அவ்வளவுதான் பாடம். ஆனால் 11, 12 வயதுப் பிள்ளை எந்த மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் என்பதை அந்த ஒரு நாள் தேர்வுதான் முடிவு செய்கிறது. அரசு உதவியில் கிறிஸ்தவ, இந்து, முஸ்லிம் அமைப்புகள் நடத்தும் பள்ளிகளில் பலவற்றை 'பிரெஸ்டீஜ் ஸ்கூல்' என்பார்கள். அரசும் மத அமைப்புகளும் செய்துகொண்ட 1960 ஒப்பந்தப்படி 20 சதவீத இடங்களுக்கு அந்தப் பள்ளிகளே ஆள் தேர்ந்தெடுக்கலாம், மற்றதெல்லாம் மார்க்தான். அதனால் ஸ்டாண்டர்ட் 4 வந்துவிட்டாலே சாயங்காலமும் விடுமுறையும் 'லெஸன்ஸ்' என்று டியூஷனில் போய்விடும். நம் ஊர் பெற்றோருக்கு இது புதிதில்லை, ஆனால் 10 வயதில் போய் இறங்கும் பிள்ளையை உடனே இதில் தள்ளுவது பாவம்.

ஐந்தாறு வயதுப் பிள்ளை, நீண்ட காலம் தங்கப் போகிறீர்கள் என்றால் நான் தயங்காமல் உள்ளூர் பள்ளியைச் சொல்வேன். தெருவிலேயே நண்பர்கள் கிடைப்பார்கள். ஊரில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்திய வம்சாவளி, தீபாவளிக்கு விடுமுறை, 1845-இல் முதல் கப்பல் வந்த மே 30-க்கும் விடுமுறை. மதராஸ் துறைமுகத்தில் கப்பலேறியவர்களின் வம்சமும் அதில் உண்டு, வகுப்பில் பிள்ளை அந்நியமாக நிற்காது.

சர்வதேசப் பள்ளி என்றால் இரண்டு பெயர்கள் முதலில் வரும். வெஸ்ட்மூரிங்ஸில் இருக்கும் இன்டர்நேஷனல் ஸ்கூல் ஆஃப் போர்ட் ஆஃப் ஸ்பெயின் அமெரிக்கப் பாடத்திட்டம்; பெட்டி வேலியில் இருக்கும் மேப்பிள் லீஃப் கனடாவின் ஒன்டாரியோ பாடத்திட்டம். எஸ்.இ.ஏ. தொல்லை இல்லை, அடுத்த நாட்டுக்கு மாறினாலும் தொடரலாம். கட்டணம் கனம், வேலை தருகிறவர் ஏற்கிறாரா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். அப்புறம் தூரம்: இரண்டுமே தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு மேற்கே, செயின்ட் அகஸ்டின் கிழக்கே. காலையில் நெடுஞ்சாலையில் ஊர்ந்து போர்ட் ஆஃப் ஸ்பெயினைத் தாண்ட வேண்டும், அதைத் தினமும் பிள்ளை தாங்குமா என்று பாருங்கள். இந்தப் பள்ளி முடிவானால் வீட்டை மேற்கே பார்த்துவிட்டு நீங்கள் எதிர்த்திசையில் வேலைக்குப் போவது எவ்வளவோ மேல்.

14, 15 வயது என்றால் இன்னும் கவனம். மேல்நிலைப் பள்ளியின் நான்காம் வகுப்பான ஃபார்ம் 4-இல் பாடம் தேர்ந்தெடுத்து ஃபார்ம் 5 முடிவில் சி.எஸ்.இ.சி. என்ற கரீபியன் நாடுகளின் பொதுத் தேர்வை எழுதுவார்கள், பள்ளியிலேயே செய்யும் ப்ராஜெக்ட் மதிப்பெண்ணும் அதில் சேரும். நடுவில் நுழைந்தால் அதையெல்லாம் துரத்திப் பிடிக்க வேண்டும். அந்த வயதுப் பிள்ளையோடு இரண்டு மூன்று வருஷ ஒப்பந்தத்தில் போகிறவர்கள், காசு கட்ட முடிந்தால், மேற்கே வீடு தேடுங்கள்.