சேற்றில் இறங்கச் சிபாரிசு

போன வருஷம் ஜூன் விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து பிள்ளைகளோடு வியட்நாம் போயிருந்தோம். மேகாங் டெல்டாவில், கான் தோ நகரத்துக்கு வெளியே ஒரு தோட்டத்தில், ஒரு நாள் விவசாயியாக இருந்து பார்க்க ஒரு டூர். தலைக்கு 6 லட்சம் டோங், நம்ம காசுக்கு இரண்டாயிரம் ரூபாய் வரும். விடிவதற்குள் படகில் ஏற்றிக் காய் ராங் மிதவைச் சந்தையைக் காட்டினார்கள். எந்தப் படகில் என்ன விற்கிறது என்பதற்கு அங்கே போர்டு கிடையாது, ஒரு நீள மூங்கில் கம்பு நுனியில் அந்தச் சரக்கையே கட்டித் தூக்கி நிறுத்திவிடுவார்கள், அன்னாசி விற்றால் அன்னாசி, பூசணி விற்றால் பூசணி. அப்புறம் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் ஆளுக்கு ஒரு பழைய உடுப்பு கொடுத்து, தண்ணீர் வடித்த ஓடையில் இறக்கிவிட்டு, மீனைக் கையால் பிடி என்றார்கள். என் மகன் ஒரு விறால் குட்டியைப் பிடித்துவிட்டுக் கத்திய கத்தில் பக்கத்துத் தோப்பு நாயெல்லாம் குரைத்தது.

நான் கரையில் நின்று யோசித்தது ஒன்றே ஒன்றுதான். இதை எட்டு வயதில் தாமிரபரணிக் கரை ஏரல் பக்கத்து வாய்க்காலில் ஓசியில் செய்தேன், வீட்டுக்குப் போய் அடியும் வாங்கினேன். இங்கே நான்கு பேருக்கு எட்டாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

அதனால் டிசம்பரில் ஊருக்குக் கிளம்பும்போதே, இந்த முறை கோயில், கல்யாணம், அல்வா என்று சுற்றாமல், தாமிரபரணி கடலில் சேருகிற பக்கம் வயலும் ஆறுமாக நான்கு நாள் என்று முடிவு. சென்னையிலிருந்து வந்தே பாரத்தில் வந்தோம். மதியம் ஏறி இரவு பத்தரை வாக்கில் திருநெல்வேலி ஜங்ஷன். வண்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை, சாப்பாட்டைத் தவிர. கார் ஒரு நாளைக்கு 3,500 ரூபாய் பேசியிருந்தேன், டிரைவர் தம்பி பாட்டு கேட்காமல் ஓட்டுகிற அபூர்வப் பிறவி.

முதல் நாள் ஏமாந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் 'பண்ணை அனுபவம்' என்று படம் போட்டிருந்த ஓர் இடத்துக்கு முன்பணம் அனுப்பியிருந்தேன், பெயர் வேண்டாம். போனால் நீச்சல் குளம், குளத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் புல், வலைக்குள் நான்கு முயல், ஒரு மாட்டுவண்டி. வண்டியில் மாடு இல்லை. நின்று போட்டோ எடுத்துக்கொள்ளத்தானாம். மதியச் சாப்பாட்டுக்கு கோபி மஞ்சூரியன் வைத்தார்கள். வயல் எங்கே என்று கேட்டதற்கு மேனேஜர் வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டி, "அது வேற ஆளு இடம் சார், பால்கனியில நின்னா நல்லா வியூ கிடைக்கும்" என்றார். முன்பணம் போனது போனதுதான். மறுநாள் காலையிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அத்தை வீட்டுக்குக் கிளம்பிவிட்டோம்.

திருச்செந்தூர் ரோட்டில் போகும்போதே இரும்புக்கால இடுகாடான ஆதிச்சநல்லூர் வரும், இறங்கிப் பாருங்கள். தோண்டிய குழிகளின் மேலேயே கண்ணாடித் தளம் போட்டு 2023 ஆகஸ்டில் திறந்திருக்கிறார்கள், காலுக்குக் கீழே தாழிகள் அப்படி அப்படியே இருக்கின்றன. மகள் கண்ணாடியில் கால் வைக்க மாட்டேன் என்று ஓரமாகவே நடந்தாள்.

அத்தைக்கு ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுத் தண்ணீர் பாயும் வயல். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு, அதில் இது கடைசி, வெள்ளைக்காரன் காலத்தில் 1870களில் கட்டியது. இங்கிருந்து வடகால், தென்கால் என்று இரண்டாகப் பிரிந்து குளம் குளமாக நிரப்பிக்கொண்டே போகும். தென்காலில் கடம்பாகுளம், வடகால் போய் முடிகிற இடத்தில் கோரம்பள்ளம் குளம். அணைக்கட்டைத் தாண்டுகிற தண்ணீர் கடலுக்கு. மேலே கன்னடியன், கோடகன் கால்வாய்க்காரர்கள் நட்டு முடித்து உரம் போடும்போது இந்தக் கடைக்கோடியில்தான் தொழி, அதாவது நடுகைக்குச் சேறு, கலக்கிக்கொண்டிருப்பார்கள். பிசானம் என்கிற இந்தப் போகத்துக்கு நடுகை டிசம்பர் வரை இழுக்கும். சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறைக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது என் அதிர்ஷ்டம்.

ஆனால் வயலில் இறங்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது. மேகாங்கில் ஒரு கையெழுத்தோடு முடிந்த காரியம் இங்கே இரண்டு நாள் பேச்சுவார்த்தை. "நாளைக்கு நடுகைக்கு நாங்களும் வாரோம் அத்தை" என்றதும் அத்தை காபி டம்ளரை டொக்கென்று வைத்தாள்.

"ஏல, வெளிநாட்ல இருந்து வந்த புள்ளய சேத்துல நின்னா ஊருக்குள்ள என்னய என்ன சொல்லுவாவ? வரப்புல நாக்காலி போடச் சொல்லுதேன், உக்காந்து பாருங்க."

சொன்னபடியே போட்டும்விட்டார்கள். வரப்பு ஓரத்தில் நான்கு சிவப்பு நாற்காலி, ஒரு குடை, ஒரு தட்டில் முறுக்கும் வாழைப்பழமும். நடுகைப் பெண்கள் பதினோரு பேர் குனிந்து நட்டுக்கொண்டிருக்க, நாங்கள் நான்கு பேர் ஏதோ கச்சேரி கேட்க வந்த மாதிரி உட்கார்ந்திருந்தோம். என் மனைவிக்கு அழுகை வராத குறை. விருந்தாளியை வேலை வாங்கினால் அது வீட்டுக்கு அவமானம் என்பது இங்கே எழுதாத சட்டம். வியட்நாமில் நான் காசு கொடுத்தது மீனுக்கோ படகுக்கோ இல்லை, "நீயும் இறங்கலாம்" என்று ஒருவர் சொல்வதற்குத்தான் என்பது அந்தச் சிவப்பு நாற்காலியில்தான் உறைத்தது.

கடைசியில் சிபாரிசு செய்தது நடுகைக்கு ஆள் கூட்டி வருகிற பெரியக்கா. "சும்மா இறங்கட்டும் ஆச்சி, புள்ளய ஆசப்படுது" என்றார். அவர் சொன்னால் அத்தை மறுக்க முடியாது, மறுத்தால் அடுத்த வருஷம் ஆள் வராது.

தொழிக்குள் கால் வைத்ததும் முழங்காலுக்குக் கீழே ஆளைப் பிடித்துக்கொள்கிறது, மேலே வெதுவெதுப்பு, அடியில் சில்லென்று. இடது கையில் நாற்று முடி, வலது கை இரண்டு மூன்று நாற்றைப் பிரித்து, கட்டை விரலும் இரண்டு விரலுமாகச் சேர்த்துச் சேற்றில் செருக வேண்டும், செருகிய கையை எடுக்கும்போது விரல் போன ஓட்டை தானாக மூட வேண்டும். பின்னால் நகர்ந்துகொண்டே நட வேண்டும், முன்னால் போனால் நட்டதை நாமே மிதித்துவிடுவோம். நான் பலமாக அமுக்கினேன்.

"எய்யா, அவ்வளவு ஆழத்துக்கு அமுக்காதிய, பயிரு மூச்சு முட்டும்" என்றார் பெரியக்கா. சரி என்று மெல்ல வைத்தேன். திரும்பிப் பார்த்தால் என்னுடைய நாற்றில் பாதி தண்ணீரில் மிதக்கிறது. எனக்குப் பக்கத்து வரிசை அக்கா ஒன்றும் சொல்லாமல், தன் வரிசையையும் நட்டுக்கொண்டு என்னுடையதையும் செருகிக்கொண்டே வந்தார். ரகம் அம்பை 16, அம்பாசமுத்திரம் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான தடித்த நெல், இட்லிக்கு இதைவிட்டால் ஆகாது என்பாள் அத்தை. மகன் நண்டு வளையில் குச்சியை விட்டுக்கொண்டிருந்தான். மகள் சேற்றைப் பார்த்து முதலில் முகத்தைச் சுளித்தாள், அரை மணி நேரத்தில் அவள் வரிசைதான் எங்கள் நால்வரில் நேராக இருந்தது. என் இடுப்பு ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

மதியம் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வயலுக்கே வந்தது. பம்புசெட் தண்ணீரில் குளியல். பெண்களுக்கு உடை மாற்ற இடம்? மோட்டார் ரூமில் ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டோம். இதற்கு ஒரு வழி செய்யாமல் இந்தப் பக்கம் பயணிகளைக் கூப்பிட முடியாது. வழியில் பேருந்து நிலையக் கழிப்பறைகள் எப்படி என்று கேட்காதீர்கள், பெட்ரோல் பங்க்கைத் தேடிப் போங்கள்.

மறுநாள் ஆத்தூர் கொடிக்கால். அந்த வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அகத்தி மரத்தில் கொடி ஏறி நிற்கிறது, உள்ளே போனால் வெளி வெயிலே தெரியவில்லை. செருப்பை வெளியே விடச் சொன்னார் கொடிக்கால்கார அண்ணாச்சி, கோயில் மாதிரிதான். பறிக்க விட்டார், ஆனால் பத்து இலை தாண்டியதும், "போதும் தம்பி, நீங்க கணுவச் சேர்த்துக் கிள்ளுதிய" என்று கையை எடுத்துவிட்டார். காசு கொடுக்கப் போனால் வாங்கவில்லை, ஒரு கட்டு வெற்றிலையையும் கையில் திணித்தார். கட்டணம் என்று ஒன்று இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் உரிமையோடு நின்றிருப்பேன், கேள்வியும் கேட்டிருப்பேன். ஓசியில் நிற்பவனுக்கு எப்போது கிளம்புவது என்பதே கவலை.

ஆற்றுப் பயணம் என்றால் புன்னக்காயல்தான். மேலே படித்துறைகளில் குளிக்கலாம் (மணல் அள்ளிய பள்ளங்கள் உண்டு, ஊர்க்காரர் காட்டும் இடத்தில் மட்டும் இறங்குங்கள்), படகில் போகிற ஆழம் கடலுக்குக் கிட்டேதான். ஆறு கொண்டு வந்து கொட்டிய மண்ணில் கடல் எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது என்பதற்குப் போகிற வழியில் கொற்கையே சாட்சி. பாண்டியர்களின் முத்துத் துறைமுகம், இன்று சுற்றிலும் வயலும் வாழையும். அங்கே நின்று "கடல் எங்கே?" என்று மகன் கேட்டான், காரில் ஏறு என்றேன்.

புன்னக்காயலில் சுற்றுலாப் படகு என்று எதையும் நான் பார்க்கவில்லை. மீன்பிடிக்கிற ஃபைபர் படகுதான், தெரிந்தவர் மூலம் பேசி 1,500 ரூபாய். லைஃப் ஜாக்கெட் இரண்டுதான் இருந்தது, இரண்டும் பெரியவர் அளவு. மகனுக்கு மாட்டினால் அது அவனைவிடப் பெரிதாக இருந்தது. அதனால் முகத்துவாரத்தைத் தாண்டக் கூடாது, அலையாத்திக் காட்டு ஓரமாக மட்டும் என்று சொல்லித்தான் ஏறினோம். படகுக்கார அண்ணன் அதற்கு முகம் சுளிக்கவில்லை, "சரிதான், காத்தும் சரியில்ல" என்றார். வற்றம், அதாவது கடல் தண்ணீர் இறங்குவது, ஆரம்பிப்பதற்குள் திரும்பிவிட வேண்டும், இல்லையென்றால் படகு மண்ணில் தட்டிவிடும் என்றார். அலையாத்தியின் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து பென்சில் நட்ட மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கின்றன, நடுவில் ஒரு கொக்கு. ஓர் இடத்தில் இன்ஜினை நிறுத்தி, துடுப்பை மகள் கையில் கொடுத்து, தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார். உப்பு. கொஞ்சம் மேலே வந்து மறுபடி பார்க்கச் சொன்னார். பாதி உப்பு. எந்தக் கையேட்டிலும் இல்லாத இந்த ஐந்து நிமிஷத்துக்கே அந்த 1,500 தகும். தண்ணீரில் அமலைச் செடி (ஆகாயத் தாமரை) கொத்துக் கொத்தாக மிதந்து வந்தது, அதோடு பாட்டில்களும். கரையில் ஒரு வீட்டுச் சுவரில் என் தோள் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. 2023 டிசம்பர் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஆட்களோடு நின்றுபோனதே, அந்த வெள்ளம்தான். ஆறும் குளமுமாக உடைத்துக்கொண்டு வந்து எல்லாம் கடைசியில் இங்கேதான் சேர்ந்தது. அண்ணன் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியவில்லை. புரட்டாசி சனிக்கிழமை என்றால் நவதிருப்பதிக்குத் திருநெல்வேலியிலிருந்து அரசு சிறப்புப் பேருந்து, மார்கழி ஞாயிறு என்றால் நவகைலாயத்துக்கு. ஒன்பது கோயிலும் ஒரே நாளில், எந்த ஊரில் எத்தனை நிமிஷம் என்பது உட்பட, அவ்வளவு திட்டமாக நடத்துகிறார்கள். அந்தக் கோயில்கள் எல்லாமே இதே ஆற்றங்கரைதான். அந்தப் பேருந்தை ஒரு கொடிக்கால் வாசலிலும் ஒரு நாற்றங்கால் ஓரத்திலும் அரை மணி நேரம் நிறுத்தினால் போதும். டவுன் பஸ்ஸிலும் ஒரு நாள் போனோம். என் மனைவிக்கும் மகளுக்கும் கண்டக்டர் இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார், எங்களுக்கு மட்டும் காசு. பதினான்கு வருஷச் சிங்கப்பூர் வாழ்க்கையில் ஒரு வெள்ளி தள்ளுபடி கிடைத்தாலே வீட்டில் அறிவிக்கும் என் மனைவி அந்தச் சீட்டைப் பர்ஸில் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

பணம் கையில் ரொக்கமாக வைத்திருங்கள். டீக்கடை வரைக்கும் ஸ்கேன் செய்யும் அட்டை தொங்குகிறது, ஆனால் என் வெளிநாட்டு கார்டு எங்கும் வேலை செய்யவில்லை, ஒவ்வொரு இடத்திலும் டிரைவர் தம்பியின் போனில்தான் கட்டினேன்.

கிளம்புகிற அன்று பெரியக்காவைப் பார்க்கப் போனேன். நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து அவர்கள் வேலையில் குறைந்தது ஒரு மணி நேரத்தைக் கெடுத்திருப்போம், மிதந்ததை எல்லாம் வேறு திரும்ப நட்டிருக்கிறார்கள். பதினோரு பேருக்குமாகக் கவரில் போட்டுக் கொடுத்தேன். வாங்கவே இல்லை. "நட்டதுக்குக் கூலி எங்களுக்கு ஆச்சி தந்துட்டாவ, ஒங்களுக்குத்தான் யாரும் தரல" என்று சிரித்தார். பிறகு குரலைத் தணித்து, "அங்க கோடாலித் தைலம் கெடைக்கும்லா? அடுத்த தடவ வரும்போது கொண்டாங்க, இடுப்புக்கு" என்றார். எத்தனை என்று கேட்டேன். பதினொன்று என்றார்.