இ61 வகை எஸ்பிரெசோ காபி மெஷினுக்குச் சிலிக்கோன் கேஸ்கெட்: ரப்பரை மாற்றலாமா?

காபித் தூள் போடும் ஹேண்டிலை மெஷினில் இறுக்கும்போது நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் ஓடுகிறதா? ஓரத்தில் காபி கசிகிறதா? கேஸ்கெட், அதாவது ஹேண்டிலுக்கும் மெஷினுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் வளையம், போய்விட்டது. 90 டிகிரிக்கு மேல் நாள் முழுக்க வேகும் கறுப்பு ரப்பர் கல்லாகிவிடும். நெம்பினால் முறுக்கு மாதிரி நொறுங்கும். சின்ன ஸ்க்ரூ ஒன்றை அதில் முறுக்கி, இடுக்கியால் இழுங்கள், வந்துவிடும்.

சிலிக்கோன் அப்படி இறுகாது, கழற்றுவதும் சுலபம். விலை கூடத்தான், ஆனாலும் கொடுக்கலாம். கனம்தான் குழப்பம்: 8, 8.5, 9 மி.மீ. என்று விற்கிறார்கள். பழசு அமுங்கியிருக்கும், அதை அளந்து ஏமாறாதீர்கள். மெஷின் கையேட்டைப் பாருங்கள்.

கேஸ்கெட் உட்காரும் பள்ளத்தில் ஒட்டிய காபிக் கசடைப் பிரஷ்ஷால் சுத்தமாகத் தேயுங்கள். இதைச் சோம்பினால் புதுசும் கசியும். சரிவான விளிம்பு மேல்நோக்கி இருக்கட்டும். ஷவர் ஸ்க்ரீனை (தண்ணீரைத் தூவும் சல்லடைத் தட்டு) கேஸ்கெட்டுக்குள் பொருத்தி, தூள் கூடையை எடுத்துவிட்ட ஹேண்டிலால் மெல்ல இறுக்கினால் உட்கார்ந்துகொள்ளும்.

கோவையில் சிறுவாணித் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு உப்புத் தொல்லை குறைவு. பல்லடம், அவிநாசிப் பக்கம் போர் தண்ணீர் என்றால் பாய்லரில் சுண்ணாம்பு படியும். அதற்குத் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் தனியாக வேண்டும், எந்தக் கேஸ்கெட்டும் உதவாது.