கிரான் டூரிஸ்மோ 7, ஐரேசிங், அசெட்டோ கோர்சா: டெல்டா வீட்டில் பந்தயம் பழக எது?

தஞ்சாவூரிலிருந்து கோவை செட்டிப்பாளையம் காரி ஸ்பீட்வேக்குப் போனாலும், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை கார் பந்தயத் தடத்துக்குப் போனாலும் 250 கி.மீ.க்குக் குறையாது. மாதம் ஒருமுறை போய் ஓட்டுவதே பெரிது. மிச்ச நாளெல்லாம் வீட்டில் ஸ்டீயரிங்கும் திரையும்தான். எந்த கேம் என்று தேடும்போது கிராஃபிக்ஸை விடுங்கள். அதை உருவாக்கியவருக்கு டிராக்கோடு என்ன உறவு என்று பாருங்கள். எந்தத் தப்பை கேம் மன்னிக்கும், எதற்குத் தண்டிக்கும் என்பது அங்கிருந்துதான் வருகிறது.

கிரான் டூரிஸ்மோவை உருவாக்கிய கசுனோரி யமாவுச்சி தானே பந்தயம் ஓட்டுபவர். 2012 நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தில் நிசான் ஜிடி-ஆரில் தன் பிரிவை வென்ற அணியில் அவரும் ஓட்டினார். கேம் ஆடுபவர்களை நிஜப் பந்தய ஓட்டுநராக்க 2008-ல் தொடங்கிய ஜிடி அகாடமி போட்டியில் வென்ற லூகாஸ் ஓர்டோனெஸ், 2011 லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் எல்எம்பி2 பிரிவில் இரண்டாமிடம் பிடித்த அணியில் ஓட்டினார். ஆக, கேமிலிருந்து டிராக்குக்கு வழி உண்டு. இந்த கேமில் உருப்படியான பகுதி உரிமத் தேர்வுகள்: ஐந்து நிலை, நிலைக்குப் பத்து. ஒரே வளைவை வெட்டியெடுத்துக் கையில் கொடுத்து, எங்கே பிரேக், எங்கே திருப்பம், எங்கே ஆக்ஸிலேட்டர் என்று திரும்பத் திரும்ப ஓட்டவைக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் மற்ற இரண்டிலும் இல்லை.

குறை, முதலில் இருக்கும் செட்டிங்குகளில். ஏபிஎஸ் 'டீஃபால்ட்'டில் இருக்கும். பெடலை எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் பூட்டாது. காரியில் ஓடும் ஃபார்முலா எல்ஜிபி 4 காரில் ஏபிஎஸ் கிடையாது. ஆறு மாதம் அப்படியே பழகிய கால், முதல் வளைவிலேயே டயரைத் தேய்த்துவிடும். ஏபிஎஸ்ஸை முதல் வாரம் 'வீக்'கில் வையுங்கள், பிறகு 'ஆஃப்'. ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போது சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் டிராக்ஷன் கன்ட்ரோல் பூஜ்யம். இணையம் இல்லாவிட்டால் ஆட்டத்தின் பெரும்பகுதி திறக்காது என்பது இன்னொரு தொல்லை. 2022 மார்ச்சில் சர்வர் 30 மணி நேரத்துக்கு மேல் படுத்தபோது உலகமே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கேபிள் அறுந்தால் நமக்கும் அதே கதி.

ஐரேசிங்கை உருவாக்கிய டேவ் கெம்மர் பாப்பிரஸ் நிறுவனக் காலத்திலிருந்தே பந்தய சிமுலேஷன் எழுதுபவர். ஸ்கிப் பார்பர் கார் பந்தயத் தொடரில் தானும் ஓட்டியவர். இங்கே இணையத்தில் மற்றவர்களோடு ஓட்டிக் கற்பது, பக்கத்து காரோடு பிழைப்பது. டிராக்கை விட்டு இறங்கினால் 1 தப்புப் புள்ளி, கட்டுப்பாடு இழந்தால் 2, இன்னொரு காரை பலமாக இடித்தால் 4. தப்பு யாருடையது என்று கேட்காது, இருவர் கணக்கிலும் ஏறும். அநியாயம்தான். ஆனாலும் இடம் விட்டு ஓட்டும் புத்தி இதில்தான் வரும். செலவுதான் கடிக்கிறது: மாதச் சந்தா ஒரு பக்கம், கார் தனி, டிராக் தனி. வைஃபையில் ஓட்டாதீர்கள். சராசரி பிங் (சர்வருக்குப் போய்வரும் நேரம், மில்லிவிநாடியில்) 80-ல் நிலையாக இருந்தால் சமாளிக்கலாம். 40-க்கும் 200-க்கும் குதித்தால் உங்கள் கார் மற்றவர் திரையில் தாவித் தாவிப் போகும், இடிபடும். லேன் கேபிள் கட்டாயம்.

அசெட்டோ கோர்சாவை எழுதிய குனோஸ் நிறுவனம் ரோம் அருகே வல்லேலுங்கா பந்தயத் தடத்திலேயே அலுவலகம் வைத்துக்கொண்டது. 2014-ல் வந்த பழைய கேம், விலை குறைவு, இணையம் இல்லாமல் ஓடும். டெல்டாவுக்கு இதையே சொல்வேன். ரசிகர்கள் உருவாக்கி இலவசமாகத் தரும் மாட் டிராக்குகளில் மட்டும் கவனம்: கெர்ப் (டிராக்கின் ஓரக் கட்டை) உயரமும் மேடுபள்ளமும் கண் மதிப்பில் தோராயமாகப் போட்டவையாக இருக்கும். அங்கே பழகிய பிரேக் புள்ளியை நிஜ டிராக்கில் நம்பக்கூடாது. டாட்டூஸ் எஃப்ஏ01 என்ற ஃபார்முலா காரை வல்லேலுங்காவில் 20 லிட்டர் பெட்ரோலோடு 20 சுற்று ஓட்டுங்கள். வேகமான சுற்று முக்கியமில்லை. வேகமானதற்கும் மெதுவானதற்கும் இடையே அரை விநாடிக்குள் வரும்வரை காரை மாற்றாதீர்கள்.

அசெட்டோ கோர்சாவில் ஓட்டும்போது, திரையில் திறக்கும் பெடல் ஆப்பில் ஃபோர்ஸ் ஃபீட்பேக் (ஸ்டீயரிங் கைக்குத் தரும் எதிர்விசை) பட்டை சிவப்பானால் மோட்டார் திணறுகிறது. நம்பர் பேடில் மைனஸ் தட்டிக் குறையுங்கள். லாஜிடெக் ஜி29 ஸ்டீயரிங், கியரில் ஓடும் சுமார் 2 நியூட்டன் மீட்டர் சாதனம், சீக்கிரமே எல்லை தொடும். மோசா ஆர்5 ஸ்டீயரிங் டைரக்ட் டிரைவ் (கியர் இல்லாமல் மோட்டாரோடு நேராக இணைந்தது), 5.5 நியூட்டன் மீட்டர், ஆனால் பிளேஸ்டேஷனில் நேரடியாக ஓடாது. கையில் பிஎஸ்5 இருந்து கிரான் டூரிஸ்மோ 7 என்று முடிவு செய்தவர்கள் இதை வாங்கிவிட்டு முழிக்க வேண்டாம்.

பணம் மிஞ்சினால் ஸ்டீயரிங்கில் போடாதீர்கள், பிரேக்கில் போடுங்கள். சாதாரண பெடல் எவ்வளவு தூரம் போனது என்று அளக்கும், லோட் செல் பெடல் எவ்வளவு அழுத்தினீர்கள் என்று அளக்கும். நிஜக் காரில் கால் நினைவில் வைப்பது அழுத்தத்தைத்தான். அசெட்டோ கோர்சாவில் மிதிப்புக்கு பிரேக் எப்படி ஏறும் என்பதை மாற்றும் 'பிரேக் காமா' செட்டிங், லோட் செல்லுக்கு 1, சாதாரணப் பெடலுக்கு 2-க்கு மேல். அந்த அழுத்தத்துக்கு ரெட் ஆக்சைடு தரையிலும் டைல்ஸிலும் பெடல் வழுக்கும். சுவருக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு மரச்சட்டம் கொடுங்கள். அடியில் சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியை ஓரங்கட்டிவிட்டு நாலு கால் நாற்காலி போடுங்கள்.

கரண்ட் போய்வரும் ஊரில் இன்வெர்ட்டர் பின்னால் உள்ள சுவிட்ச் 'யுபிஎஸ்' பக்கம் இருக்கட்டும். இல்லாவிட்டால் மாறும் நொடியில் பிசி ரீஸ்டார்ட் ஆகும். ஸ்கொயர் வேவ் மாடலை கேமிங் பிசிக்குப் போடாதீர்கள், சைன் வேவ்தான் சரி. மழைக்கால ஈரத்தில் ஜி29 பெடலில் மிதிப்பை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் அழுக்கு படிந்தால், மிதிக்காமலே பிரேக் 10 சதவீதம் துடிக்கும். ஸ்டீயரிங் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன்னால் பெடலைக் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு அடித்து, இருபது முறை மிதித்துப் பாருங்கள்.